கழுவாமல் வைத்த வீடு

நகரசபை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆயுசு முழுக்கப் பிள்ளைகளை மேய்த்தவள் நான். என் வகுப்பில் நான் சத்தம் போட்டதாக யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தப் பொறுமை அத்தனையையும் ஒரு சாக்கடை தின்று தீர்த்துவிட்டது.

எங்கள் ஊர் கிழக்குப் பாலக்காட்டில், மீனாட்சிபுரம் போகும் வழியில் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஆபீசில் இருப்பவர்கள் தங்களைப் பெரிய ஆட்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரருக்கு மீனாட்சிபுரத்தில் கொஞ்சம் தென்னையும் சில மாடுகளும் உண்டு. விடிந்ததும் போய்ப் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வருவார். நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போக வசதி என்று டவுனில் வீடு கட்டினோம். கட்டும்போது ரோட்டிலிருந்து படியேறித்தான் வாசலுக்கு வர வேண்டும். பிறகு ரோடு போட்டார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். அடுத்த எலெக்‌ஷனுக்கு அதன் மேலே இன்னொன்று. இன்று ரோட்டிலிருந்து எங்கள் வாசலுக்கு இறங்கி வர வேண்டியிருக்கிறது. வீடு தாழவில்லை, ரோடு ஏறியது. இதை நகரசபையில் மேஜை மேஜையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

ரோட்டோரம் மண் ஓடையாக இருந்ததைச் சிமெண்டில் கட்டி, மேலே ஸ்லாப் போட்டு மூடியதும் அவர்கள்தான். குளியலறைத் தண்ணீரை ரோட்டில் விடக் கூடாது, ஓடையில் சேர்க்க வேண்டும் என்று அவர்களே வந்து, வீட்டுக்கு வீடு குழாய் பதித்து இணைத்துவிட்டுப் போனார்கள். குளியலறையில் தண்ணீர் வெளியே போகும் வாயை எங்கள் பக்கம் சலதாரை என்போம். எங்கள் சலதாரை ஓடையோடு சேர்ந்தது அப்படித்தான். மேட்டில் இருக்கும் லாட்ஜும் கல்யாண மண்டபமும் கக்கூஸ் தொட்டியையே அந்த ஓடையில் திறந்துவிட்டிருந்தது ஊருக்கே தெரியும். நகரசபைக்கு மட்டும் தெரியாது.

எங்களுக்கு ஒரே மகள். பொள்ளாச்சியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் முறை. ஏழாம் மாதம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனோம். விதவிதமாகச் சோறு கிளறிப் பாத்திரம் பாத்திரமாக எடுத்துப் போய், சம்பந்தி வீட்டில் பந்தி போட்டு, மகளுக்கு வளையல் அடுக்கி, கையோடு அழைத்து வந்தோம். பிரசவம் முடிந்து குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும் வரை அவள் எங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். குளியலறையை ஒட்டிய அறையை அவளுக்கு ஒழித்துச் சுண்ணாம்பு அடித்து, புது மெத்தை வாங்கிப் போட்டேன். தொட்டில் கட்டக் கொக்கி உறுதியாக இருக்கிறதா என்று என் வீட்டுக்காரர் அதில் தொங்கியே பார்த்தார். வயசான காலத்தில் இதெல்லாம் தேவையா என்று கேட்டுச் சிரித்தேன். அந்த வீட்டில் நான் நிம்மதியாகச் சிரித்தது அதுதான் கடைசி.

ஐப்பசியில் எங்கள் பக்கம் மத்தியானத்துக்கு மேல் இடியும் மின்னலுமாக மழை கொட்டும். துலா மழை என்பார்கள். அப்படி ஒரு நாள் மகள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தாள். குளியலறையில் யாரோ வாய் கொப்பளிப்பது மாதிரி ஒரு சத்தம். போய்க் கதவைத் திறந்தால், தண்ணீர் இறங்க வேண்டிய வாயிலிருந்து கறுப்பாக மேலே வந்துகொண்டிருந்தது. மலம். நாசூக்காகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. லாட்ஜில் தங்கியவன், மண்டபத்தில் விருந்து சாப்பிட்டவன், முன்பின் தெரியாத அத்தனை பேருடைய மலமும் என் மகள் படுத்திருந்த கட்டிலுக்கு அடியில் மிதந்தது. அவள் கட்டில் மேல் காலை மடக்கிக்கொண்டு, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா! அம்மா!" என்று அலறினாள். ஹாலைத் தாண்டி அது சாமி அறை வாசற்படி வரை போனது.

அவர் மகளைக் கைத்தாங்கலாக எதிர்வீட்டில் கொண்டுபோய் விட்டார். மழை விட்டதும் அது தானாக வடிந்தது. நாங்கள் ஆரம்பித்தோம். வாரி, துடைத்து, பினாயில் ஊற்றிக் கழுவி, மறுபடி கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். எதிர்வீட்டு அம்மாவும் முந்தானையைச் செருகிக்கொண்டு வாளியோடு வந்துவிட்டார். மகளை இறக்கும்போது சரிந்து விழுந்து ஊறிப்போன மெத்தையைக் கண்ணில் படவே கூடாது என்று குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. வாசலுக்குச் சாணி தெளித்துக் கோலம் போட்டு, வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டி, விளக்கேற்றி வைத்த பிறகுதான் எங்கள் தொண்டையில் காப்பி இறங்கியது. வீட்டுக்குள் மலம் கிடக்கும்போது, அதிகாரி வந்து பார்க்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் குடும்பம் எங்கள் பக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

நகரசபையில் எழுதிக் கொடுத்தோம். ஓவர்சியர் அடுத்த வாரம் சாவகாசமாக வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தரையைப் பார்த்து, சுவரைப் பார்த்து, புன்னகை செய்தார்.

"டீச்சரே, வீடு நல்ல விருத்தியாயிட்டு இருக்குல்லோ."

விருத்தி என்றால் மலையாளத்தில் சுத்தம். பாராட்டுகிறாராம்.

"கழுவிட்டோமுங்க. கழுவாம என்ன பண்றது?"

"கழுகிட்டா பின்ன நான் எதைப் பார்க்கறது? நஷ்டம் கண்ணால காணணும். காணாம எங்ஙனே எழுதும்?"

"மெத்தை போச்சுங்க."

"மெத்தை எவிடே?"

"குப்பை வண்டில போட்டாச்சு."

"போட்டோ?"

சாமி அறை வாசலில் மலம் மிதப்பதை எவள் போட்டோ எடுத்து வைப்பாள்? கேட்கத்தான் நினைத்தேன். அதற்குள் அவர் குளியலறைக்குள் போய், ஒரு செம்புத் தண்ணீரைச் சலதாரையில் ஊற்றினார். அது சமர்த்தாகக் கீழே இறங்கியது.

"போகுதல்லோ," என்றார்.

மழையில்லாத நாளில் போகத்தானே செய்யும்! எனக்கு மெத்தை வேண்டாம், பணமும் வேண்டாம், தெரு முக்கில் ஓடை ஸ்லாப்பைத் தூக்கி அடைப்பு எங்கே என்று பாருங்கள், குழந்தை வரப்போகிற வீடு என்று சொன்னேன். ஸ்லாப்பைத் தூக்க வேண்டுமென்றால் அடைப்பு இருப்பதாக ரிப்போர்ட் வேண்டுமாம். ரிப்போர்ட் எழுத வேண்டுமென்றால் நஷ்டத்தைக் காண வேண்டுமாம். நஷ்டத்தைத்தான் நாங்கள் கழுவிவிட்டோமே. ஸ்லாப்பைத் தூக்கினால் தப்பு தங்களுடையது என்று வெளியே வந்துவிடும், அதற்குப் பிறகு நஷ்டபரிகாரம், அதாவது நஷ்டஈடு, கேட்பார்கள் என்ற பயம் அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. எழுத்தறிவித்தே பிழைத்த எனக்கு அதைப் படிக்கத் தெரியாதா?

விஷயம் பொள்ளாச்சிக்குப் போகாமல் இருக்குமா? மகளின் மாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூவும் பழமுமாக வந்தார். நல்ல மனுஷி. குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குளியலறைக் கதவருகே கொஞ்ச நேரம் நின்றார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தியம்மா. முறைன்னு ஒண்ணு இருக்குது, நான் மறுக்கலைங்க. ஆனா பச்சைக் கொழந்தை வரப்போகுதுங்க. இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா, புள்ளைய நாங்க கூட்டிட்டுப் போயர்றோம்."

தப்பாக நினைக்க அதில் என்ன இருக்கிறது? அவர் இடத்தில் நான் இருந்தால் அன்றைக்கே காரில் ஏற்றியிருப்பேன்.

அதன் பிறகு நான் நகரசபைக்கு நடையாய் நடந்தேன். ஒருவர் மழை என்றார். இயற்கைச் சீற்றத்துக்கு நகரசபை என்ன செய்யும் டீச்சரே என்றார். மழை ஆகாயத்திலிருந்து மலத்தைக் கொட்டுகிறதா என்று கேட்டேன். இன்னொருவர், வீட்டுக்குள் இருக்கும் குழாய் வீட்டுக்காரர் பொறுப்பு, ரோட்டில் இருப்பதுதான் எங்கள் பொறுப்பு என்றார். ரோட்டில் இருப்பதுதான் வீட்டுக்குள் வருகிறது, அங்கேதான் சண்டையே என்றேன். மூன்றாமவர் சிரித்துக்கொண்டே, உங்கள் வீடு ரொம்பத் தாழ்வு, அதை முதலில் உயர்த்துங்கள் என்றார். அவரைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டாமல் எழுந்து வந்ததற்கு எனக்கு ஒரு நல்லாசிரியர் விருதே கொடுக்கலாம். கவுன்சிலர் எல்லாவற்றுக்கும் "நோக்காம் டீச்சர்" என்றார். பார்க்கிறேன் என்று அர்த்தம். அந்த மனுஷன் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

மகளுக்கு நிறைமாதம். வானம் இருட்டினாலே நான் சலதாரையைப் போய்ப் பார்ப்பேன். துணியைச் சுருட்டி அடைத்து, அதன் மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன். இரண்டாம் முறை அது கல்லைச் சுற்றிக்கொண்டு வந்தது. முன்னைவிட அதிகம். கட்டில் கால் முழுகி, அலமாரியின் அடித்தட்டில் நான் துவைத்து மடித்து வைத்திருந்த குழந்தைத் துணிகள் வரை ஏறியது. பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த மெத்தென்ற துணிகள். அவற்றைப் பார்த்தபோதுதான் எனக்குள் ஏதோ அறுந்தது.

மகளை எதிர்வீட்டில் உட்கார வைத்துவிட்டு வந்த அவர் துடைப்பத்தைக் கையில் எடுத்தார். நான் பிடித்துக்கொண்டேன்.

"வையுங்க அத. யாரும் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தக் கூடாது. அந்த ஆளு வந்து பாக்கட்டும்."

"உனக்கென்ன பித்துப் புடிச்சுருச்சா? சாமி இருக்கற ஊடு புள்ள இது!"

"சாமி படத்தையெல்லாம் எதிர்த்த ஊட்டுல கொண்டுபோய் வையுங்க. இன்னிக்கு நாம கழுவுனா, நாளைக்கு மறுபடியும் வரும். கொழந்தை வந்ததுக்கப்பறமும் வரும். காட்டாம விட்டா அவனுக ஸ்லாப்பைத் தூக்க மாட்டானுக."

அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு, படங்களை ஒவ்வொன்றாக நெஞ்சோடு அணைத்து எடுத்துப் போனார்.

பொள்ளாச்சிக்கு நானே போன் போட்டேன். மாப்பிள்ளை கார் கொண்டு வந்தார். மகள் என் கையை விடவில்லை. "நானும் சேந்து கழுவறேன்மா. நான் இங்கயே இருக்கறேன்" என்றாள். நிறைமாத வயிற்றோடு கழுவுகிறாளாம். "நீ போ சாமி. இதச் சரி பண்ணீட்டு அம்மா வந்து உன்னையக் கூட்டீட்டு வந்தர்றேன்" என்றேன். தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த பெண்ணை என் வாயால் போ என்று சொன்னேன். சொல்ல வைத்தவர்கள் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் சாகும் வரை ஆறாது.

ஓவர்சியர் அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போன் செய்தால் சைட்டில் இருக்கிறாராம். போட்டோ அனுப்பவா என்றால், நேரில் காணாமல் எழுத முடியாதாம். நாங்கள் எதிர்வீட்டு ஹாலில் பாய் போட்டுப் படுத்தோம். பகல் முழுக்க நான் ரோட்டோரம் நாற்காலி போட்டு என் வீட்டுக்கு நானே காவல் இருந்தேன். நாற்றம் தெருவுக்கே வந்தது. போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, டீச்சர் வீட்டிலா இப்படி என்று பேசிக்கொண்டு போனார்கள். யாரோ புகார் சொல்லி, நகரசபையின் சுகாதாரப் பிரிவிலிருந்து ஒருத்தர் பைக்கில் பறந்து வந்தார். பொது இடத்தில் துர்நாற்றம் பரப்புகிறீர்கள், உடனே சுத்தம் செய்யாவிட்டால் உங்கள் மேல் நடவடிக்கை எடுப்போம் என்று என்னை மிரட்டினார். மலத்தை அனுப்பியதும் அவர்கள், மிரட்டுவதும் அவர்கள். "உங்க ஆபீசுலயே இன்னொரு ஆளு இதப் பாக்கோணும்னு சொல்லியிருக்கறாரு. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க, நான் எங்கயும் போயர மாட்டேன்" என்றேன். அவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கும் மறுநாள் காலையில், மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று ஓவர்சியரே போன் செய்தார். போனை வைத்த கையோடு மாப்பிள்ளை கூப்பிட்டார். வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்றார். என் வீட்டுக்காரர் வேட்டியைக் கட்டிக்கொண்டு, "கெளம்பு, போலாம்" என்றார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. நான் போனால் அந்த ஆள் வருவான். வீடு பூட்டிக் கிடக்கிறது, பரிசோதிக்க முடியவில்லை என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் போவான். மறுபடி எத்தனை வாரமோ. பிள்ளை பெற்றவளை எங்கே கூட்டி வருவது?

"நீங்க போங்க. நான் பொறகால வர்றேன்."

அவர் மட்டும் பஸ் ஏறினார். என் மகள் வலியில் துடித்த நேரமெல்லாம் நான் தெருவில் உட்கார்ந்து மலத்துக்குக் காவல் இருந்தேன்.

மத்தியானத்துக்குள் என்றவர் வெயில் சாயும்போது வந்தார், ஒரு பணியாளோடு. வாசலில் நின்று கைக்குட்டையை மூக்கில் வைத்தார். பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றப் போனார்.

"கழட்டாதீங்க. செருப்போடயே வாங்க."

"வேண்டாம் டீச்சரே. இவிடே நின்னாலே தெரியுது."

"உள்ள வந்து கண்ணால பாருங்க. காணாம எழுத முடியாதுன்னு சொன்னீங்களே."

என் வீட்டுக்குள் யாரையும் நான் செருப்போடு அழைத்ததில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அடி எடுத்து வைத்தார். மகளின் அறை வரை கூட்டிப் போனேன். கட்டிலையும், அலமாரித் தட்டையும், குழந்தைத் துணிகளையும் காட்டினேன். அப்போது போன் வந்தது. மறுமுனையில் என் வீட்டுக்காரர் அழுதுகொண்டிருந்தார். பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம் என்றார். பின்னால் சின்னதாக ஒரு அழுகை கேட்டது. என் பேத்தியின் குரலை நான் முதன்முதலில் கேட்டது அந்த நாற்றத்துக்கு நடுவில், அந்த ஆளை அருகில் வைத்துக்கொண்டு.

வெளியே வந்ததும் அவர் பணியாளை விட்டு முக்கு ஸ்லாப்பைத் தூக்கச் சொன்னார். கடப்பாரையை நெம்பி, தூக்கி, எட்டிப் பார்க்க ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது. ரோட்டைக் கடக்கும் இடத்தில் நகரசபை புதிதாகச் சின்னப் பாலம் கட்டியிருந்தது. காங்கிரீட் போட அடித்த சென்ட்ரிங் பலகையை உள்ளேயே விட்டுவிட்டு மூடியிருக்கிறார்கள். சிந்திய காங்கிரீட் அதன் மேல் இறுகி ஓடையைப் பாதிக்கு மேல் அடைத்துக் கிடந்தது. மழைத் தண்ணீர் வந்து முட்டினால் எல்லாம் திரும்பித்தான் வரும், முதலில் தாழ்ந்த வீட்டுக்கு.

"இது நம்முடெ பணிதன்னெ," என்று அவர் மென்று விழுங்கினார்.

"எழுதுங்க," என்றேன்.

எழுதினார். நான் நின்று பார்த்தேன்.

"இனிக் கழுவலாமுங்களா?"

"கழுகிக்கோ டீச்சரே," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாளே பலகையை உடைத்து எடுத்தார்கள். அரை நாள் வேலை. அந்த அரை நாளை அவர்கள் முதலிலேயே கொடுத்திருந்தால் எங்களுக்கு எதுவும் ஆகியிருக்காது. நஷ்டபரிகாரமும் பல மாதம் கழித்து வந்தது. ஆனால் நஷ்டபரிகாரம் என்று அல்ல. மனிதாபிமான அடிப்படையில் உதவி என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். எங்கள் தப்பு என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதக் கை வரவில்லை. எனக்கு யாருடைய மனிதாபிமானமும் தேவைப்படவில்லை.

மகளைக் கூட்டி வரப் போனபோது சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கயே இருக்கட்டுமுங்க" என்றார். நான் மகளைப் பார்த்தேன். அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வற்புறுத்தாமல் தனியாகத் திரும்பி வந்தேன்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் குழந்தையோடு வந்தாள். அதற்குள் குளியலறையை இடித்துக் கட்டி, அறைக்கு டைல்ஸ் பதித்து, வெயிலும் சாம்பிராணியுமாக வீட்டைக் காய வைத்திருந்தேன். சமைத்துப் போட்டேன். தொட்டில் கட்டியிருந்தேன். தரையில் புதுப்பாய் விரித்து, அதன் மேல் மடிப்பு மடிப்பாகத் துணி போட்டு வைத்தேன். குழந்தை கைகாலை உதைத்துக்கொண்டு அவள் மடியிலேயே கிடந்தது. சாப்பிடும்போதும் ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடிதான் சாப்பிட்டாள்.

"கீழ போடு சாமி. கை வலிக்கும்."

"பரவால்லம்மா. மடியிலயே இருக்கட்டும்."

வெயில் தாழ்வதற்குள் கார் வந்தது. அவர்கள் போன பிறகும் அந்தப் பாயைச் சுருட்ட எனக்கு மனசு வரவில்லை. அதில் ஒரு சுருக்கம்கூட விழுந்திருக்கவில்லை.